பல வருடம் நின்ற பழைய புல்லட்டை உதைக்கும் முன்

ஓய்வுக்குப் பிறகு பழைய புல்லட் 350-ஐப் புதுப்பிக்க எடுத்தால், வண்டியைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியிலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து, கிக்கரை மிதிக்க வேண்டாம். இரும்பு சிலிண்டரில் பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் துரு பிடித்திருக்கும். ஓங்கி உதைத்தால் ரிங் உடையும், கிக்கர் பல்லும் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து அந்தத் துளை வழியே 20 மில்லி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி அதன் 70 மி.மீ. உள்துளையில் (போர்) கீறலோ குழியோ இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் ரீபோர்தான், அதாவது உள்துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்.

நின்ற வண்டியில் ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். அடியிலுள்ள டிரெயின் நட்டைத் திறந்து வடித்துவிட்டு, ஃபில்டரோடு புது ஆயில் போடுங்கள். ஸ்பார்க் வர மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

டேங்கின் உள்துருவை வினிகர் ஊற்றி எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்துங்கள். பெயின்ட் அதற்குப் பிறகுதான். சேஸிஸை வெட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், ஆர்.டி.ஓ. ஏற்காது.