ஆர்வியில் பென்ட்சன் பறவைப் பூங்காவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கான திட்டம்

டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் மிஷன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பென்ட்சன்-ரியோ கிராண்டே வேலி மாநிலப் பூங்காவுக்கு ஆர்வியில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பூங்காவுக்குள் ஆர்வி போக முடியாது. முன்பு உள்ளேயே ஆர்வி நிறுத்தும் இடங்கள் இருந்தன. இந்தப் பகுதியின் பறவை பார்க்கும் இடங்களை இணைக்கும் உலகப் பறவை மையத்தின் (World Birding Center) தலைமையிடமாக மாற்றியபோது அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே நடை, சைக்கிள், டிராம்தான். தங்குவதென்றால் கூடாரம் மட்டுமே. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்த பிறகே மற்ற எல்லாம்.

1. மாதம்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தீனி மேடைகளில் கிரீன் ஜே, சாச்சலாக்கா, அல்டமீரா ஓரியோல், கிரேட் கிஸ்கடீ என்ற பறவைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்காரும். வலசை பார்க்க வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல். பிராட்-விங்டு பருந்துகள் கூட்டம் கூட்டமாக வடக்கே போவதைப் பூங்காவின் பருந்துக் கோபுரத்திலிருந்து பார்க்கலாம். கோடையில் போகாதீர்கள். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், காலை ஒன்பது மணிக்கே பறவைகள் அடங்கிவிடும்.

2. நிறுத்துமிடம்

மிஷனைச் சுற்றித் தனியார் ஆர்வி பார்க்குகள் நிறைய உண்டு. ஆனால் வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் 'வின்டர் டெக்சன்' முதியவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை மாதக்கணக்கில் பிடித்துவிடுவார்கள். பல பார்க்குகள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன் போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: வயதுக் கட்டுப்பாடு உண்டா, மின் இணைப்பு 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா, கழிவுநீர் இணைப்பு அந்த இடத்திலேயே இருக்கிறதா.

மாநிலப் பூங்காவிலேயே ஆர்வியோடு தங்க ஆசையென்றால், மேற்கே ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் ஃபால்கன் மாநிலப் பூங்கா இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உள்ள இடங்கள் அங்கே உண்டு.

3. வண்டி

ஹூஸ்டனிலிருந்து மிஷன் ஒரு வழி சுமார் 350 மைல். வாடகை ஆர்விகளுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இத்தனை மைல் என்று வரம்பு இருக்கும். நாளுக்கு 100 மைல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளுக்கு 500; போக வரவே 700 ஆகிவிடும். கூடுதல் மைலுக்கான கட்டணத்தை முன்பே கணக்கில் சேருங்கள்.

25 அடி வண்டியை ஒவ்வொரு விடியற்காலையும் மின்சாரம், தண்ணீர் இணைப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்புவது நடக்காத காரியம். குடும்பத்தில் ஒருவர் காரில் பின்னால் வரட்டும். முடியாவிட்டால் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, சைக்கிள்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.

4. இணைப்புகள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வரிசை இது:

மின்கம்பத்தின் பெட்டியைத் திறந்ததும் கையை விடாதீர்கள். இந்தப் பகுதியில் நெருப்பெறும்புகள் அதற்குள்ளேயே புற்று வைக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிறகு பிரேக்கரை அணைத்து, சர்ஜ் புரொடெக்டரை (மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் கருவி) மாட்டி, வண்டியின் கேபிளைச் செருகி, கடைசியாக பிரேக்கரைப் போடுங்கள்.

தண்ணீர்க் குழாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர், அதன் பிறகு குடிநீருக்கான வெள்ளை ஹோஸ். ரெகுலேட்டர் இல்லாமல் நேராக மாட்டினால், அழுத்தம் ஏறும்போது வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் கசியும்.

கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு திறந்துவிட்டு, அது காலியானதும் குளியல், சமையல் தண்ணீர்த் தொட்டியைத் திறங்கள். அந்தத் தண்ணீரே கழிவுநீர் ஹோஸைக் கழுவிவிடும்.

30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 13 முதல் 15 ஆம்ப், 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்ப். இரண்டும் சேர்ந்தாலே பிரேக்கர் விழும் எல்லை. அடுப்பு எரியும்போது ஏசியை நிறுத்துங்கள், அல்லது வண்டியின் கேஸ் அடுப்பிலேயே சமையுங்கள்.

வெப்பப் பகுதிதான் என்றாலும் 'நார்தர்' எனப்படும் வடகாற்று வந்தால் சில மணி நேரத்தில் குளிர் இறங்கிவிடும். உறைபனி எச்சரிக்கை வந்த இரவில் வண்டியின் நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு தண்ணீர் ஹோஸைக் கழற்றி உள்ளே வையுங்கள். தூங்கப் போகும் முன் ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டில் விரியும் நிழல் துணி) எப்போதும் சுருட்டிவிடுங்கள். இந்தச் சமவெளியில் காற்று திடீரென்று எழும்.

5. பறவை நாட்கள்

முதல் காலை பென்ட்சனுக்கு. விடிந்ததுமே தீனி மேடை அருகே அசையாமல் உட்காருங்கள். சாச்சலாக்காக்கள் போடும் கூச்சல்தான் அங்கே காலை அலாரம். டிராமை நம்பி நேரம் குறிக்காதீர்கள். அன்றைய ஓட்டத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வெஸ்லகோ ஊரின் எஸ்டெரோ யானோ கிராண்டே மாநிலப் பூங்கா. அங்கே அலிகேட்டர் லேக் பாதையோரம் பவ்ராக்கி என்ற இரவுப் பறவை பகல் முழுக்கச் சருகுமேல் தூங்கும். சருகின் பழுப்பும் புள்ளியும் அப்படியே அதன் முதுகில் இருப்பதால் இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஊழியரிடம் இடம் கேட்டு, பாதையை விட்டு இறங்காமல் பைனாகுலரால் தேடுங்கள். முதலில் கண்ணில் படுவது பாதி மூடிய கண்ணின் கோடுதான். அதைப் பிடித்துவிட்டால் உடல் முழுவதும் தானே துலங்கும்.

மூன்றாம் நாள், 1943இல் தொடங்கிய சான்டா ஆனா தேசியக் காட்டுயிர்ப் புகலிடம், நீர்ப்பறவைகளுக்கு.

6. திரும்பும்போது

281ஆம் நெடுஞ்சாலையில் ஃபால்ஃபூரியஸிலும், 77இல் சரீட்டாவிலும் வடக்கு நோக்கிப் போகும் வண்டிகளை எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். எச்1பி, எச்4, மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப் பிரதியையும், கிரீன் கார்டு உள்ளவர்கள் அசல் அட்டையையும் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது. கிளம்பும் முன் அதையும் எடுத்துப் பையில் போடுங்கள்.