கலஹாரியில் தரை அணில்களைக் கவனிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் 2000-ஆம் ஆண்டு முதல் இணைந்து பராமரிக்கும், கலஹாரிப் பாலைவனத்திலுள்ள க்கலகாடி வனவிலங்குப் பூங்காவில், நாஸோப், ஆவுப் எனும் வறண்ட ஆற்றுப்படுகைகளை ஒட்டிய கெட்டி மண்ணில் கேப் தரை அணில்களின் வளைகளைத் தேடலாம். இரவெல்லாம் வளைக்குள் கிடந்து, வெயில் வந்த பிறகே அவை வெளியேறுவதால், இருட்டில் காத்திருப்பது வீண்.

முகாம்களுக்கும் குறிப்பிட்ட ஓய்விடங்களுக்கும் வெளியே வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பதால், எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியால் பாருங்கள். படமெடுப்பவர்கள் வெறுக்கும் உச்சிவேளைதான் இங்கே பொன்னான நேரம்: அணில்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி, வாலைக் குடைபோல் மேலே விரித்து, அந்தச் சிறு நிழலிலேயே மேய்வதால், வளைக்குத் திரும்பாமல் கூடுதல் நேரம் வெளியில் இருக்க முடிகிறது.

பல அணில்கள் வாலைச் சிலிர்த்தபடி ஓரிடத்தைச் சுற்றி முன்னும் பின்னும் பாய்ந்தால், அங்கே நாகமோ விரியனோ இருக்கக்கூடும். முகாமுக்குள் நடந்து பார்ப்பவர்கள் உடனே விலகிவிட வேண்டும். மஞ்சள் கீரியும், கீரி இனத்துச் சிறு விலங்கான மீர்கேட்டும் அதே வளைகளைப் பகிர்ந்துகொள்வதுண்டு. ஆகவே அணில்கள் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பெண் அணில்கள் குட்டிகளுடன் குழுவாக வாழ, வளர்ந்த ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரிவதால், குழுவின் அமைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். முகாமில் பழகிய அணில்கள் அருகே வந்தாலும் தீனி போடக் கூடாது.