புதிய சைக்கிள் அமைப்பில் முழங்கால் வலியைத் தீர்த்த விதம்

நெடுந்தூரப் பயணத்துக்காகப் புதிய இருக்கை பொருத்திய சைக்கிளைச் சோதித்தபோது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகே முழங்காலின் முன்பக்கம் வலிக்கவும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகவும் தொடங்கின. முன்பக்க வலி பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருப்பதையும், பின்பக்க வலி அது உயர்ந்திருப்பதையும் காட்டும் என்பதால், பெடல் மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மட்டுமே மடங்குமாறு, ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் வீதம் இருக்கையை உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது என்பதால், முதலில் இதை மட்டும் மாற்றினேன். முழங்கால் வலி நின்றது.

விரல் மரப்புக்குக் காரணம், உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு அழுந்துவதுதான். கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த இருக்கை நுனி உடல் எடையைக் கைகளின்மேல் தள்ளியதால், அதைச் சமமட்டமாக்கியதும் மரப்பு நீங்கியது. கைப்பிடியைத் தொடவே தேவைப்படவில்லை. மெத்தென்ற கையுறை உதவும் என்பார்கள். எனக்கு அது காரணத்தை மறைப்பதாகவே படுகிறது. பிறகு பைகளில் முழுச் சுமையேற்றியும் ஓட்டிப் பார்த்து, இருக்கைத் தண்டில் ஒட்டுநாடாவால் அந்த உயரத்தைக் குறித்துவைத்தேன்.