வீட்டில் குழந்தைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்க்க வரும் அம்மா அப்பாக்கள், வீட்டில் எப்படியெல்லாம் முயன்று பார்த்தோம் என்று சொல்வார்கள். ஆரம்ப நாட்களில் நான் செய்ததையே திரும்பக் கேட்பது போல இருக்கும். அடிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

247-ம் மனப்பாடம் ஆன பிறகுதான் சொல் என்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவைப்பது இதுதான். சுவரில் பெரிய அட்டவணை ஒட்டுகிறார்கள். க, கா, கி, கீ என்று தொடங்கி னௌ வரை தினமும் ஒப்பிக்க வைக்கிறார்கள். மாதக்கணக்கில் இது நடக்கிறது. அதுவரை குழந்தை ஒரு சொல்லைக்கூடப் படித்திருக்காது. எழுத்து எதற்கு என்றே அதற்குத் தெரியாது.

யூகேஜி படிக்கும் ஒரு பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள். பதினெட்டு வரிசையையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகையில் ‘மீன்’ என்று எழுதிக் காட்டினேன். முதல் எழுத்தைப் பார்த்ததும் விரலைத் தொடையில் தட்டிக்கொண்டு, “ம, மா, மி, மீ” என்று வரிசையை முதலிலிருந்து ஓட்டினாள். அப்புறம் “இன்” என்றாள். இரண்டையும் கூட்டி “மீஇன்” என்றாள். அப்படியென்றால் என்ன என்று என்னிடமே கேட்டாள். வாரம் தவறாமல் மீன்குழம்பு சாப்பிடும் பிள்ளை!

அவளுக்குத் தெரிந்தது பாட்டு. நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் பாட்டை முதலிலிருந்து பாடித்தான் அதைப் பிடிக்க முடிகிறது. இப்படிப் பழகிய பிள்ளையை மாற்றுவது, ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். எத்தனை நல்ல மாதங்கள் இதில் வீணாகின்றன!

247 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதே இல்லை. உயிர்மெய் 216. அதில் அகரம் ஏறியவை 18. உகர, ஊகாரம் ஏறியவை 36. கு, சு, து, மு என்று இவைதான் ஆளுக்கொரு வடிவத்தில் இருக்கும், சொல்லில் வர வரப் பழக்க வேண்டும். மீதி 162-ம் ஒன்பது குறிகளுக்குள் அடங்கிவிடும். துணைக்காலைப் ‘பா’வில் ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை ‘மா’, ‘கா’, ‘லா’ எல்லாவற்றையும் தானே படித்துவிடும். அப்புறம் ஙி, ஙீ, ஙௌ என்று ஒப்பிக்க வைக்கிறோமே, அவற்றை எந்தக் கதைப் புத்தகத்தில் பார்க்கப் போகிறது?

சரி, எங்கே தொடங்குவது? ப, ட, ம. கூடவே ட், ம். இந்த ஐந்தே எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். க, ல், துணைக்கால் மூன்றையும் சேருங்கள்: கடல், பகல், பால், கால், பாடம், காகம். அட்டவணையின் ஒரு மூலையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் பத்துச் சொல். தானே கூட்டிப் படித்தது ‘பட்டம்’ என்று பிடிபடும் நொடியில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன்.

‘இக், இங், இச்’

மேலே அந்தப் பெண் சொன்ன ‘மீஇன்’ இங்கிருந்து வந்ததுதான். மெய்யெழுத்தை ‘இம்’, ‘இன்’ என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். ப, ட, இம் என்று கூட்டினால் ‘படஇம்’ என்றுதானே வரும்? வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஒலியை மட்டும் சொல்லிக்காட்டுங்கள். ன், ல், ர் எல்லாம் இப்படி இழுக்க வரும். க், ட், ப் தனியாக நிற்காது. அவற்றை முன்னெழுத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்: பட்-டம், பக்-கம்.

கொம்பைத் தனியாகக் காட்டுவது

‘தேன்’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. காதில் முதலில் விழுவது த். பெரியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. குழந்தை இங்கே தடுமாறும். அட்டையில் எழுதினால் ‘தே’ முழுவதையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். விரல் வைத்துப் படிக்கும்போது இரண்டு விரலால் மொத்தத்தையும் தொடச் சொல்லுங்கள். ‘கோ’வில் இரண்டு பக்கமும் குறி நிற்பதால் இன்னும் கவனம் வேண்டும், துணைக்காலை மட்டும் பார்த்து ‘கா’ என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒலிக்கு விதி சொல்வது

கடல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கும். விளக்காதீர்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தையின் காதே திருத்திக்கொள்ளும்.

‘வந்தாங்க’ என்று படித்தால் அதட்டுவது

அச்சில் ‘வந்தார்கள்’ என்று இருக்க, பிள்ளை ‘வந்தாங்க’ என்று படிக்கும். பொருள் புரிந்துதான் படிக்கிறது, அதில் சந்தோஷப்பட வேண்டும். வாக்கியத்தை முடிக்க விடுங்கள். பிறகு அச்சில் உள்ளபடி ஒருமுறை நீங்கள் வாசித்து, ‘ர்’ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தினமும் இரவில் நாம் கதை வாசித்துக் காட்டும் வீடுகளில் இந்தச் சிக்கல் தானாகவே குறைகிறது. எழுத்துத் தமிழ் அந்தக் காதுகளுக்குப் புதிதல்ல.

எழுதினால்தான் படிக்க வரும் என்பது

இல்லை. நான்கு வயது விரலுக்கு ‘ஞ’ எழுதுவது பெரும்பாடு. வாசிப்பை அதற்காகக் காக்கவைக்காதீர்கள்.

தாத்தா காலத்துப் புத்தகம்

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை, றா போன்றவை வேறு உருவில் இருக்கும். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையைப் படிக்கச் சொல்லாதீர்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்வது

‘சேவல்’ என்று எழுதியிருக்கும்; ‘கோழி’ என்று படிக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.