ஒரு ஸ்கேல், ஒரு மேசை: உங்கள் நரம்பு மண்டலம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளப்பது எப்படி?

கண் பார்த்ததற்கும் கை அசைந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? இதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. 30 செ.மீ. ஸ்கேல், மேசை, நாற்காலி, துணைக்கு ஒரு ஆள், வர்க்கமூலம் போடத் தெரிந்த ஃபோன் கால்குலேட்டர், இவ்வளவு போதும். கீழே மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவதைச் சரியாகச் செய்தால்தான் மற்ற இரண்டும் அர்த்தப்படும். அதனால் அதற்குத்தான் விளக்கம் அதிகம்.

சோதனை 1: விழும் ஸ்கேலைப் பிடிப்பது

சோதனைக்கு உள்ளாகிறவர் உட்கார்ந்து, முன்கையை மேசைமேல் முழுதாக வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே வரும்படி நீட்ட வேண்டும். கை அந்தரத்தில் இருந்தால் ஸ்கேலோடு சேர்ந்து கையும் கீழே இறங்கும், அளவு கெட்டுவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. இந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

துணைக்கு வந்தவர் 30 என்று எழுதிய முனையைப் பிடித்து ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். பூஜ்யக் கோடு கட்டைவிரலின் மேல் விளிம்புக்கு நேராக வர வேண்டும். பெரும்பாலான ஸ்கேல்களில் முனைக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சில மி.மீ. வெற்றிடம் இருக்கும். முனையைப் பார்த்து வைத்தால் அந்த அளவுக்குப் பிழை வரும்.

‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லிவிட்டு விடக் கூடாது. மூளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே விரலை மூடிவிடும். ‘ரெடி’ என்று மட்டும் சொல்லிவிட்டு, 2 முதல் 5 செகண்டுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் விட வேண்டும். பிடிப்பவர் துணைவரின் முகத்தையோ விரலையோ பார்க்காமல் ஸ்கேலின் கீழ்ப்பகுதியையே பார்க்கட்டும். பிடித்ததும் கட்டைவிரலின் மேல் விளிம்பில் எந்த எண் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று முறை பழகுவதற்கு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு 11 முறை செய்யுங்கள். 5 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் அது குருட்டாம்போக்கில் பிடித்தது என்று தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஸ்கேல் முழுதாக நழுவி விழுந்தால் ‘30க்கு மேல்’ என்று எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். கடைசியில் 11 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருக்கும் ஆறாவது எண்ணை எடுங்கள். சராசரி போட்டால் கவனம் சிதறிய ஒரே ஒரு முறை மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நழுவி விழுந்ததைச் சராசரியில் சேர்க்கவும் வழியில்லை.

செ.மீ.யில் வந்த தூரத்தை 490ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நேரம் செகண்டில் கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் (செகண்டுக்குச் செகண்டு 980 செ.மீ.) பாதிதான் அந்த 490. 10 செ.மீ. என்றால் 0.143 செகண்டு, 15 என்றால் 0.175, 20 என்றால் 0.202, 25 என்றால் 0.226. ஸ்கேலின் எடை இதில் வரவே வராது. பிளாஸ்டிக்கோ இரும்போ எதுவானாலும் சரி.

அந்த 0.2 செகண்டு எங்கே போனது?

நரம்பில் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது கை விரல்களை மடக்கினால் தோலுக்கடியில் அவை இறுகுவது தெரியும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து அங்கே சுமார் 70 செ.மீ. கையின் இயக்க நரம்புகளில் செய்தி செகண்டுக்கு 50 முதல் 60 மீட்டர் வேகத்தில் போகும். ஆக, 12 முதல் 14 மில்லிசெகண்டுதான் பயணம். மூளையிலிருந்து தண்டுவடம் வரும் நேரத்தைச் சேர்த்தாலும் 200 மில்லிசெகண்டில் அது ஒரு சிறு பங்கு.

மீதி நேரம் இரண்டு முனைகளிலும் நடுவே மூளையிலும் போகிறது. விழித்திரையில் ஒளி வேதிமாற்றமாகி, பிறகு மின்சைகையாக மாறவே பல பத்து மில்லிசெகண்டுகள் ஆகும். அதன்பின் பெருமூளைப் புறணியில் ‘விழுகிறது, பிடி’ என்ற முடிவு உருவாக வேண்டும். கடைசியில் தசைக்குக் கட்டளை வந்த பிறகும் பிடிப்பதற்கான விசை திரள இன்னும் கொஞ்ச நேரம் தேவை. அரசு அலுவலகத்தில் ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் நேரமா அதிகம், மேசையில் கிடக்கும் நேரமா? அதே கதைதான்.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் கால் நரம்பில் அளந்து காட்டினார். செகண்டுக்குச் சுமார் 27 மீட்டர்தான் வந்தது.

சோதனை 2: முடிவெடுக்க எவ்வளவு நேரம்?

இது டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1868இல் வெளியிட்ட உத்தி. ஒரே வேலையை ஒருமுறை தேர்வு இல்லாமலும் ஒருமுறை தேர்வோடும் செய்யச் சொல்லி, இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்ப்பது.

இரண்டு கைக்கும் ஒவ்வொரு அளவுகோல் வேண்டும். 30 செ.மீ. இதற்குப் போதாது, பாதி முறைக்கு மேல் நழுவிவிடும். 60 செ.மீ. நீளத்துக்கு இரண்டு மூங்கில் தப்பைகளைச் சீவி, ஒவ்வொரு செ.மீ.க்கும் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அட்டை வேண்டாம், காற்றில் ஆடும். துணைவர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, வலதையோ இடதையோ ஏதாவது ஒன்றை மட்டும் விட வேண்டும். விழுகிற பக்கத்துக் கை மட்டும் மூட வேண்டும். இரண்டு கையும் மூடினால் அந்த முறை செல்லாது. இங்கேதான் ஏமாற்று நடக்கும்: எது விழுந்தாலும் இரண்டையும் மூடிவிட்டால் முடிவெடுக்கும் வேலையே இல்லாமல் போய்விடும்.

44 செ.மீ. வந்தால் அது 0.3 செகண்டு. இதிலிருந்து முதல் சோதனையின் நேரத்தைக் கழியுங்கள், தூரத்தை அல்ல. மிச்சம் இருப்பது, எந்தப் பக்கம் விழுகிறது என்று கண்டுகொண்டு எந்தக் கை என்று தீர்மானிக்கும் நேரம். கண்ணும் நரம்பும் தசையும் இரண்டு சோதனைகளுக்கும் பொதுவானவை என்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகின்றன.

கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேட்டுப் பிடித்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் அதை அளக்க முயல வேண்டாம். ‘ஹா’ என்று சத்தமிடுவதையும் ஸ்கேலை விடுவதையும் யாராலும் ஒரே கணத்தில் செய்ய முடியாது. அந்தப் பிசகே நீங்கள் தேடும் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

சோதனை 3: மூளையைக் கேட்காத கால்

பாதம் தரையைத் தொடாதபடி மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முட்டிச் சில்லின் கீழ் விளிம்பைத் தடவி, அதற்குச் சற்றுக் கீழே, காலெலும்பின் மேட்டுக்கு மேலே விரலை அழுத்தினால் கயிறு போன்ற தசைநாண் தட்டுப்படும். உள்ளங்கையின் ஓரத்தால் அங்கே லேசாகவும் சட்டென்றும் தட்டுங்கள். கனமான பொருள் எதையும் பயன்படுத்த வேண்டாம். முட்டியில் காயமோ அறுவை சிகிச்சையோ இருந்தவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது.

தட்டியதும் தொடையின் முன்பக்கத் தசை இழுபடும். தசைக்குள்ளேயே இருக்கும் நீட்சி உணரிகள் அதைக் கண்டு, உணர்வு நரம்பு வழியே இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கே நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ்தான், அதாவது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கைமாற்றும் இடம். அதைத் தாண்டியதும் இயக்க நரம்பு அதே தசையைச் சுருக்கும். தட்டி சுமார் 20 மில்லிசெகண்டில் தசையில் மின்சைகை வந்துவிடும். கூடவே தொடையின் பின்பக்கத் தசைக்கு ‘நீ சும்மா இரு’ என்ற தடை உத்தரவும் போகும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேரும்.

கால் அசையவில்லையா? முதலில் பாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தொடையின்மேல் கையை வைத்துக்கொண்டு தட்டுங்கள். பாதம் நகராவிட்டாலும் தசை துடிப்பது கையில் படும். அதுவும் இல்லையென்றால் எலும்பில் தட்டியிருப்பீர்கள், அல்லது அவர் தொடையை இறுக்கிக்கொண்டிருப்பார். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து, பக்கவாட்டில் பலமாக இழுக்கச் சொல்லி, அவர் இழுக்கும் அந்த நேரத்தில் தட்டிப் பாருங்கள். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் பெயரால் வழங்கும் இந்த உத்தியை நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் கையாள்கிறார்கள். இதற்கும் அசையாவிட்டால் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட வேண்டாம், நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்கள் சிலருக்கும் அப்படித்தான். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்து, கூடவே மரத்துப்போவதோ பலவீனமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.