மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையினூடே வேலையைத் தொடர்வது எப்படி?

3 வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபி பெறுபவர், மருந்தேற்றும் நாளை வியாழன் அல்லது வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். களைப்பும் குமட்டலும் மிகுந்த அடுத்த ஓரிரு நாட்கள் பெரும்பாலும் வார விடுமுறையிலேயே கழிந்துவிடும். ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை, நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் என்பதால், அவ்வாரத்தில் வீட்டிலிருந்தே பணிசெய்ய முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், கையிலுள்ள வேலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துத் தோளில் கனமான மடிக்கணினிப் பையை மாட்ட வேண்டாம். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள், உரிய சந்தாக் காலம் நிறைந்திருந்தால், 91 நாள் நோய்க்கால உதவி தீர்ந்த பின்னும் சராசரி ஊதியத்தில் 80 விழுக்காடு வரை நீட்டித்த உதவித்தொகை பெறலாம். அலுவலகம் தானாகச் சொல்லுமென்று இராமல், நீங்களே கேளுங்கள்.