மஞ்சள் கடுதாசி: கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் செய்யும் தவறுகள்

மதுரை கீழமாசி வீதியில் கடனுக்குப் பலசரக்கு கொடுத்தவருக்கோ, மாட்டுத்தாவணியில் பூ கொடுத்தவருக்கோ ஒரு நாள் ஐ.பி. நோட்டீஸ், அதாவது கடன் வாங்கியவர் திவால் மனு போட்டிருக்கிறார் என்ற அறிவிப்பு, வந்து சேரும். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான், இனி ஒன்னும் தேறாது" என்று அதை மடித்து வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். ஏமாற்ற நினைப்பவர் நம்பியிருப்பதும் இந்த மௌனத்தைத்தான். இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

மனு போட்டதுமே கடன் அழிந்துவிடாது. மதுரையில் சாதாரணத் தனிநபரின் திவால் மனு இன்னமும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படிதான் நடக்கிறது. நீதிமன்றம் விசாரித்து, அவர் நொடித்துப்போனவர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவர் என்ற பொறுப்பாளரின் கைக்கு வரும். அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். ஆகவே நோட்டீஸில் போட்ட தேதிக்கு வக்கீலோடு போய் நில்லுங்கள். புரோநோட், பில், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் காட்டி உங்கள் கடனை நிரூபித்துப் பட்டியலில் ஏற்றுங்கள்.

மோசடி பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மாதங்களிலேயே முடிந்திருக்கும். வீடு மனைவி பேரில் செட்டில்மென்ட் ஆகியிருக்கும், கடை மச்சான் பேருக்கு மாறியிருக்கும், ஆனால் கல்லாவில் அதே ஆள் உட்கார்ந்திருப்பார். முதல் வேலையாக அவருடைய சொத்துகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள், நல்லெண்ணமும் உரிய விலையும் இல்லாமல் கைமாறிய சொத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். அதைக் கேட்க வேண்டியவர் ரிசீவர். அவர் மறுத்தால், கடனை நிரூபித்தவர் நீதிமன்ற அனுமதியோடு தானே கேட்கலாம். பட்டியலில் ஏறாமல் வீட்டில் இருந்தவருக்கு அந்த வழியும் இல்லை.

கடன் பட்டியலையும் வரி வரியாகப் படியுங்கள். சித்தப்பாவுக்கு 8 லட்சம், மைத்துனருக்கு 6 லட்சம் என்று சொந்தக்காரர்கள் பெயராகவே வந்தால், அந்தப் பணம் அவர்களிடம் எப்படி இருந்தது, எந்த வழியில் கைமாறியது என்று கேட்க வேண்டும். போலிப் புரோநோட்டு உள்ளே நுழைந்தால் உங்கள் பங்குதான் கரையும்.

இனி, உண்மையிலேயே நொடித்துப்போனவருக்கு. வியாபாரம் விழுந்து, தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது, "முதல்ல வீட்டை மாத்தி எழுதிட்டு அப்புறம் ஐ.பி. போடுங்க" என்று சொல்ல ஆள் வருவார். தயவுசெய்து கேட்காதீர்கள். நேர்மையாக நஷ்டப்பட்டவரை அந்த யோசனைதான் குற்றவாளியாக்குகிறது. மோசடி எண்ணத்தோடு கணக்குப் புத்தகத்தை அழித்தாலோ, பொய்க் கணக்கு எழுதினாலோ, சொத்தை மறைத்தாலோ ஓராண்டு வரை சிறை உண்டு. அதிகம் சத்தம் போடுகிறவருக்கு மட்டும் சொத்தை எழுதிக் கொடுப்பதும் தவறு. ஒருவருக்குச் சலுகை காட்டுவதற்காகச் செய்த அப்படிப்பட்ட மாற்றம், மனுவுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் நடந்திருந்தால் செல்லாது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம். அந்தப் பயத்தில் சொத்தை ஒளிக்க வேண்டியதில்லை.

அடமானம் வைத்த வீட்டையும் நகையையும் ஐ.பி. காப்பாற்றாது. உங்களுக்கு ஜாமீன் போட்ட நண்பருக்கும் விடுதலை கிடையாது, நீதிமன்றம் உங்களைக் கடன்களிலிருந்து விடுவித்த பிறகும் அவரைப் பிடிக்கலாம். மனுப் போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். விடுவிப்பு உத்தரவு வரும்வரை, நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலும் குற்றம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு மனு கொடுக்கலாம்.